இருக்கிறது என்கிறது, இல்லை என்றும் சொல்கிறது!

செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரங்களே இருந்தன. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் ஆய்வகத்தில் பைத்தான் பயிற்சிகளைச் செய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பை-பிளாட் கொண்டு வரைபடம் வரையும் பயிற்சி. கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும் விசைப்பலகையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கல்வராயன்மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்து, விடுதியில் தங்கிப் படிப்பவர்.

“என்னம்மா, முடிச்சிட்டியா?”

“மூணு தடவை அழிச்சிட்டு அடிச்சுப் பார்த்துட்டேன் சார். தப்பாவே வருது. எனக்குக் கம்ப்யூட்டர் வராது போல சார்.”

திரையில் சிவப்பு எழுத்துகள். ‘மேட்பிளாட்லிப்’ என்ற பெயரில் மாட்யூல் எதுவும் இல்லை என்பது அதன் பொருள். பாடநூலைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகச் சரிபார்த்தேன். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

நம்மில் பலர் செய்வதைத்தான் நானும் செய்தேன். கமாண்ட் பிராம்ப்ட் எனப்படும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து மேட்பிளாட்லிப்பை நிறுவச் சொன்னேன். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று பதில் வந்தது. மாணவியின் நிரலை ஓட்டினேன். ‘இல்லை’ என்றது. பைத்தானையே மறுபடி நிறுவினேன். அரை மணி நேரம் போனது. மீண்டும் ‘இல்லை’.

என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த மாணவி மெதுவாகக் கேட்டார்: “சார், இருக்குன்னும் சொல்லுது, இல்லைன்னும் சொல்லுது. ரெண்டையும் சொல்றது ஒரே ஆள்தானா சார்?”

ஒரே ஆள் இல்லை. அந்தக் கணினியில் மூன்று பைத்தான்கள் இருந்தன! அன்று அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது பாடநூலில் உள்ளபடி ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடிக்கவும்.

பாதை என்றால் என்ன?

நிரலில் ‘இம்போர்ட்’ என்று எழுதினால், பிறர் எழுதி வைத்த ஒரு நிரல் நூலகத்தை எடுத்துவரச் சொல்கிறோம். கணினி அதை வன்தட்டு முழுவதும் தேடுவதில்லை. அதனிடம் கோப்புறைகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அந்தப் பட்டியலைத்தான் ‘பாத்’, அதாவது பாதை என்கிறோம்.

அஞ்சல்காரர் ஒருவரிடம் ஒரு பெயரையும் நான்கு தெருக்களின் பட்டியலையும் கொடுத்து அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று விதிகள். பட்டியலில் உள்ள தெருக்களில் மட்டுமே தேட வேண்டும். பட்டியலின் வரிசைப்படியே போக வேண்டும். அந்தப் பெயருடையவர் முதலில் எங்கே கிடைக்கிறாரோ அங்கேயே கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

இந்த மூன்று விதிகளிலேயே நம் ஆய்வகச் சிக்கல்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும். உரியவர் ஐந்தாம் தெருவில் இருந்தால் ‘இல்லை’ என்று கடிதம் திரும்பும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் முதல் தெருக்காரருக்கே அது போய்ச் சேரும். ஆகவே ‘கிடைக்கவில்லை’ என்பதற்கு ‘இல்லை’ என்று பொருளல்ல. ‘எனக்குச் சொன்ன இடங்களில் இல்லை’ என்பதே பொருள்.

இரண்டு பட்டியல்கள்

விண்டோஸ் கணினியில் நாம் அறிந்திருக்க வேண்டிய பட்டியல்கள் இரண்டு. இவற்றை ஒன்றென எண்ணுவதால்தான் குழப்பம் வருகிறது.

முதலாவது, விண்டோஸின் ‘பாத்’. கட்டளைச் சாளரத்தில் ‘பைத்தான்’ என்றோ ‘ஜி++’ என்றோ அடித்தால், அந்த மென்பொருளை எங்கே தேடுவது என்று சொல்லும் பட்டியல் இது. இதில் இரண்டு பகுதிகள் உண்டு. கணினி முழுமைக்கும் பொதுவானது முதலில் வரும். நம் பயனர் கணக்குக்கு மட்டும் உரியது அதன் பின்னால் சேரும்.

இரண்டாவது, பைத்தானின் சொந்தப் பட்டியல். இதன் பெயர் ‘சிஸ்.பாத்’. நிரல் நூலகங்களைத் தேடப் பயன்படுவது இதுதான். நாம் ஓட்டும் நிரல் இருக்கும் கோப்புறை இதில் முதலிடம் பெறும். பிறகு பைத்தானுடன் வந்த நூலகங்கள். கடைசியில் நாம் தனியாக நிறுவியவை இருக்கும் ‘சைட்-பேக்கேஜஸ்’ கோப்புறை. ஒரு கணினியில் மூன்று பைத்தான்கள் இருந்தால் மூன்று சைட்-பேக்கேஜஸ் இருக்கும். ஒன்றில் நிறுவியது மற்றதற்குத் தெரியாது.

எங்கள் ஆய்வகத்தில் நடந்தது இதுதான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான அதே 2019இல்தான் பைத்தானைக் கற்பிக்கும் புதிய பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலும் வந்தது. அப்போது நிறுவிய பைத்தான் 3.6இன் ஐடில் குறும்படம் திரையிலேயே இருந்தது. பின்னர் யாரோ 3.8ஐ நிறுவியிருக்கிறார்கள். நான் அன்று இன்னொன்றைச் சேர்த்தேன். மாணவி திறந்தது 3.6. ‘இருக்கிறது’ என்று பதில் சொன்னது 3.8. நான் செய்த மறு நிறுவல் சிக்கலைத் தீர்க்கவில்லை, ஓர் ஆளைக் கூட்டியது.

மறுபடி நிறுவும் முன் மூன்று கேள்விகள்

*ஒன்று: பேசுவது யார்?* பிழை வந்த அதே ஐடில் சாளரத்தில் ‘இம்போர்ட் சிஸ்’ என்று அடித்து, அடுத்த வரியில் ‘பிரிண்ட்(சிஸ்.எக்ஸிகியூட்டபிள்)’ என்று அடியுங்கள். எந்தக் கோப்புறையில் உள்ள பைத்தான் வேலை செய்கிறது என்பது தெரியும். முடிவில் ‘பைத்தான்டபிள்யூ’ என்று இருந்தால் கவலை வேண்டாம். நமக்குத் தேவை கோப்புறைதான். ஐடிலின் முதல் வரியிலேயே பதிப்பு எண்ணும் 32 பிட்டா 64 பிட்டா என்பதும் இருக்கும்.

*இரண்டு: அதே பெயரில் எத்தனை பேர்?* கட்டளைச் சாளரத்தில் ‘வேர் பைத்தான்’ என்று அடியுங்கள். ‘வேர்’ என்றால் ‘எங்கே’. பாதையில் உள்ள எல்லாப் பைத்தான்களும் வரிசையாக வரும். முதல் வரியில் வருவதுதான் அழைத்தால் ஓடிவருவது. பாதையில் சேராதவற்றையும் அறிய ‘பை -0பி’ என்று அடியுங்கள். ‘பை’ என்பது பைத்தானின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் இருப்பது சுழியம். முறையாக நிறுவப்பட்ட பதிப்புகள் அனைத்தும் முகவரியோடு வரும்.

இங்கே இன்னோர் ஆள் ஒளிந்திருக்கலாம். பதினொன்றாம் வகுப்புக்காக நாம் நிறுவும் ஓபன் ஆபீஸ் 4, தன் உள்வேலைக்காகப் பைத்தான் 2.7ஐக் கூடவே கொண்டுவருகிறது. அது தானாகப் பாதையில் சேராது. ஆனால் எங்கள் கணினி ஒன்றில் யாரோ அந்தக் கோப்புறையைப் பொதுப் பாதையில் சேர்த்திருந்தார்கள். பொதுப் பட்டியல் முதலில் வருவதால், பைத்தானை நிறுவும்போது ‘பாதையில் சேர்’ என்ற கட்டத்தில் டிக் செய்திருந்தும் 2.7தான் முன்னால் வந்து நின்றது. அந்த ஒரு வரியைப் பாதையிலிருந்து நீக்கினோம். ஓபன் ஆபீஸ் வழக்கம்போல ஓடுகிறது.

*மூன்று: அங்கே இருப்பது நாம் தேடியதுதானா?* மாணவர்கள் பயிற்சியின் பெயரையே கோப்புக்கும் வைப்பார்கள். ரேண்டம் பயிற்சியை ‘ரேண்டம்.பை’ என்றும், வரைபடப் பயிற்சியை ‘மேட்பிளாட்லிப்.பை’ என்றும் சேமிப்பார்கள். நிரல் இருக்கும் கோப்புறையே பட்டியலில் முதல் தெரு என்பதால், உண்மையான நூலகத்துக்குப் பதில் மாணவரின் கோப்பையே பைத்தான் எடுத்துக்கொள்ளும். ‘மேட்பிளாட்லிப் ஒரு பேக்கேஜ் அல்ல’ என்று பிழைச்செய்தி வந்தால் இதுதான் காரணம். கோப்பின் பெயரை மாற்றினால் போதும்.

மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே நிறுவுங்கள். அப்போதும் ‘பிப்’ என்று தனியாக அடிக்காமல், ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்’ என்று முழுமையாக அடியுங்கள். ‘பிப்’ என்று மட்டும் அழைத்தால் எந்தப் பைத்தானின் பிப் வரும் என்று சொல்ல முடியாது. முழுமையாக அழைத்தால், முன்னால் நிற்கும் பைத்தானிலேயே நூலகம் சேரும். பல பதிப்புகள் இருந்தாக வேண்டுமென்றால் ‘பை -3.8 -எம் பிப்’ என்று எண்ணையும் சேர்த்துச் சொல்லலாம். நிர்வாகி கடவுச்சொல் நம்மிடம் இல்லாத கணினியில் இறுதியில் ‘--யூசர்’ என்று சேர்த்தால் நம் கணக்குக்கு மட்டும் நிறுவிக்கொள்ளும்.

‘பைத்தான்’ என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறதா? விண்டோஸ் 10இல் அது ஒரு போலி வாசல். அமைப்புகளில் ‘ஆப் எக்ஸிகியூஷன் ஏலியஸ்’ என்று தேடி, பைத்தான் பெயரில் உள்ள இரண்டு பொத்தான்களையும் அணைத்துவிடுங்கள்.

ஜி++ எங்கே போனது?

பன்னிரண்டாம் வகுப்பில் சி++ நிரலைப் பைத்தான் வழியாக இயக்கும் பாடம் வருகிறது. ‘ஜி++ என்பது அறியப்படாத கட்டளை’ என்ற செய்தி வந்து பல ஆய்வகங்களில் அந்தப் பாடம் கரும்பலகையோடு முடிந்துவிடும். ‘மிங்ஜிடபிள்யூ பதிவிறக்க இணைய வசதி இல்லை’ என்று நானும் ஓராண்டு சொல்லியிருக்கிறேன்.

பதிவிறக்கவே வேண்டாம். பதினொன்றாம் வகுப்புக்கு நிறுவிய டெவ் சி++ தன்னோடு ஒரு ஜி++ கம்பைலரைக் கொண்டுவந்திருக்கிறது. டெவ் சி++ 5.11 பதிப்பில் அது ‘புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)’ கோப்புறையில், ‘டெவ்-சிபிபி’, அதனுள் ‘மிங்ஜிடபிள்யூ64’, அதனுள் ‘பின்’ என்ற இடத்தில் இருக்கும். விண்டோஸுக்கு அந்தத் தெரு தெரியாது, அவ்வளவுதான். தெரியப்படுத்துவது இப்படி:

1. அந்தப் ‘பின்’ கோப்புறையைத் திறந்து, முகவரிப் பட்டையில் உள்ளதை நகலெடுங்கள். கையால் அடிக்க வேண்டாம்.

2. தொடக்கப் பட்டியில் ‘என்விரான்மென்ட்’ என்று தேடி, ‘உங்கள் கணக்குக்கான சூழல் மாறிகளைத் திருத்து’ என்ற பொருளில் வரும் வரியைச் சொடுக்குங்கள்.

3. மேல் பகுதியில் ‘பாத்’ என்பதைத் தேர்ந்து ‘எடிட்’, பிறகு ‘நியூ’ சொடுக்கி, நகலெடுத்ததை ஒட்டுங்கள். ஏற்கெனவே உள்ள வரிகளைத் தொடாதீர்கள். எல்லாச் சாளரங்களிலும் ‘ஓகே’ கொடுங்கள்.

4. திறந்திருக்கும் கட்டளைச் சாளரத்தை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து ‘ஜி++ --வெர்ஷன்’ என்று அடியுங்கள். பழைய சாளரம் பழைய பட்டியலையே வைத்திருக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் வரவில்லை என்று பலர் சோர்வது இந்தப் படியில்தான். ஐடில் திறந்திருந்தால் அதையும் மூடித் திறக்க வேண்டும்.

விண்டோஸ் 7இல் இந்தப் பட்டியல் ஒரே நீள வரியாக இருக்கும். அதன் கடைசியில் அரைப்புள்ளி இட்டு நம் முகவரியைச் சேர்க்க வேண்டும். திருத்தும் முன் பழைய வரியை ஒரு நோட்பேட் கோப்பில் சேமித்துவிடுங்கள். ‘செட்எக்ஸ்’ கட்டளையால் பாதையை மாற்றுவதைத் தவிருங்கள். அது 1024 எழுத்துகளுக்கு மேற்பட்டதை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட பின் வேறு மென்பொருள்கள் நின்றுபோகும்.

இதன் உடன்பிறப்பு இன்னொரு பிழை. ஒரு கணினியில் உருவாக்கிய சி++ செயலியை வேறு கணினிக்குக் கொண்டுபோனால், ‘லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல் காணப்படவில்லை’ என்று நிற்கும். அதுவும் ஒரு நூலகக் கோப்புதான். அந்தச் செயலி இருக்கும் கோப்புறையிலும் பாதையிலும் அதை விண்டோஸ் தேடுகிறது. நிரலைத் தொகுக்கும்போதே ‘-ஸ்டேட்டிக்’ என்று சேர்த்துவிட்டால் அந்த நூலகம் செயலிக்குள்ளேயே அடங்கிவிடும். டிஎல்எல் கோப்பைத் தனியாக இணையத்தில் தேடி இறக்காதீர்கள். வைரஸ் நுழையும் வழி அது.

அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைப் பயன்படுத்துவோருக்கும் கேள்வி இதேதான். ‘வேர்’ என்பதற்குப் பதில் ‘விச்’. நூலகக் கோப்பு கிடைக்கவில்லை என்றால், ‘எல்டிடி’ என்று அடித்து ஓர் இடைவெளி விட்டுச் செயலியின் பெயரைத் தாருங்கள். அதற்குத் தேவையான நூலகங்கள் எவை, அவற்றில் கிடைக்காதது எது என்று பட்டியலிடும்.

மலைக்கு ஒரு பென் டிரைவ்

கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் கைப்பேசியில் சிக்னல் வந்து வந்து போகும். மேலே உள்ள ஒரு பள்ளியின் நண்பர், “பிப் பாதியிலேயே நின்னுடுது சார்” என்றார். இணையம் இல்லாத கணினிக்கும் நூலகத்தைக் கொண்டுபோக வழி உண்டு.

இணையம் உள்ள இடத்தில், மலையில் உள்ள அதே பைத்தான் பதிப்பும் அதே பிட்டும் உள்ள விண்டோஸ் கணினியில், ‘பைத்தான் -எம் பிப் டவுன்லோடு மேட்பிளாட்லிப் -டி’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பென் டிரைவில் உள்ள ஒரு கோப்புறையின் முகவரியைத் தாருங்கள். மேட்பிளாட்லிப்பும் அதற்குத் துணையான நம்பை முதலிய நூலகங்களும் அதில் வந்து சேரும். மலையில் உள்ள கணினியில், ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்=’ என்று அடித்து, சமக்குறியை ஒட்டி அதே கோப்புறையின் முகவரியையும், ஓர் இடைவெளி விட்டு மேட்பிளாட்லிப் என்ற பெயரையும் தாருங்கள். ‘இணையத்தில் தேடாதே, இந்த இடத்தில் தேடு’ என்பது இதன் பொருள். இங்கும் நாம் கொடுப்பது ஒரு பாதைதான்.

முதல்முறை நான் கொண்டுபோனது பயன்படவில்லை. என் மடிக்கணினியின் பதிப்பு வேறு, அங்கிருந்தது விண்டோஸ் 7. அதில் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8 வரிசைதான். அடுத்த சனிக்கிழமை மீண்டும் பேருந்து ஏற வேண்டியதாயிற்று. புறப்படும் முன் பதிப்பையும் பிட்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லா வகுப்புக்கும் உரியதுதான்

இது மேல்நிலை வகுப்புக்கு மட்டுமான சிக்கல் அல்ல. வீட்டில் நன்றாக ஓடிய காணொளி, பள்ளியின் ஸ்மார்ட் வகுப்பறையில் பவர்பாயின்டில் திறக்காமல் போன அனுபவம் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் இருக்கும். உங்கள் மடிக்கணினியின் டி டிரைவில் இருந்த காணொளியை அது பள்ளிக் கணினியில் அதே முகவரியில் தேடியிருக்கும். காணொளியையும் பவர்பாயின்ட் கோப்பையும் ஒரே கோப்புறையில் வைத்து, அங்கிருந்தே காணொளியைச் செருகி, கோப்புறையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஆறாம் வகுப்பிலேயே இதை விளையாட்டாகச் செய்து காட்டலாம். நான்கு மாணவர்களை நான்கு ‘கோப்புறை’களாக நிறுத்துங்கள். ஒவ்வொருவர் கையிலும் சில பெயர் அட்டைகள். ஒரே பெயர் இருவரிடம் இருக்கட்டும். ஒரு மாணவர் ‘கணினி’. பலகையில் எழுதியுள்ள வரிசைப்படி மட்டுமே அவர் போய்க் கேட்க வேண்டும். ஒருமுறை ஒரு கோப்புறையின் பெயரைப் பட்டியலிலிருந்து அழித்துவிடுங்கள். அட்டை கண்ணெதிரே இருந்தும் ‘கிடைக்கவில்லை’ என்று அவர் திரும்புவார். வரிசையை மாற்றினால் வேறு அட்டை வரும். பத்து நிமிடம் போதும்.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு கணினியின் மீதும் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறோம். பைத்தான் பதிப்பு, பிட், அது இருக்கும் கோப்புறை, நிறுவிய நூலகங்கள், ஜி++ இருக்கும் இடம், கடைசியாக மாற்றியவர், நாள். இரண்டு மாலைகள் செலவிட்டுக் கூடுதல் பைத்தான்களை நீக்கி, ஒரு கணினிக்கு ஒன்று என்று ஆக்கினோம். அட்டைகளை எழுதியது மாணவர்கள்தான். தேர்வு நாளுக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு நிரலை ஓட்டிப் பார்த்து அட்டையில் டிக் செய்கிறோம். ஆய்வகம் உள்ள எந்தப் பள்ளியும் இதைச் செலவில்லாமல் செய்யலாம்.

கணினி வீட்டில் உள்ள பிள்ளைக்குப் பிழைச்செய்தி ஒரு தொல்லை, அவ்வளவுதான். பள்ளி ஆய்வகத்தில் மட்டுமே கணினியைத் தொடும் பிள்ளைக்கு அது தன்னைப் பற்றிய தீர்ப்பாகத் தெரிகிறது. அதனால் இப்போது சிவப்பு எழுத்து வந்தால் நிரலைத் திருத்தச் சொல்லும் முன் நான் கேட்பது ஒன்றே: “இது உன் பிழையா, இடத்தின் பிழையா?” இரண்டையும் பிரித்தறியக் கற்றவர் அடுத்த பிழைக்கு அஞ்சுவதில்லை.

செய்முறைத் தேர்வன்று அந்த மாணவி வரைந்த கோட்டு வரைபடம் முதல் ஓட்டத்திலேயே வந்தது. அவருக்கு இரண்டு இருக்கை தள்ளி இருந்த மாணவரின் திரையில் பழைய சிவப்பு எழுத்து. தேர்வில் பேச முடியாதல்லவா? வெளியே வந்ததும் அவரிடம் போய்க் கேட்டார்: “ஃபைலுக்கு என்னடா பேர் வச்ச?”

கோப்பின் பெயரைத்தான் அந்த மாணவரும் கடைசி ஐந்து நிமிடத்தில் மாற்றியிருந்தார்.